ஆவணிக்குக் கொடி வேண்டும்

ஆடி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் கொல்லை வைத்திருப்பவர்களுக்குக் கை நிற்காது. மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது, அம்மா மண்டபத்தில் பதினெட்டாம் பெருக்குக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது, பட்டத்தை விடக்கூடாது என்று மண்ணைக் கொத்திப்போட்டு, கத்தரி வெண்டையோடு சர்க்கரைவள்ளிக் கொடியையும் ஊன்றிவிடுகிறார்கள். கத்தரியும் வெண்டையும் சரி. சர்க்கரைவள்ளி வேண்டாம் என்கிறேன் நான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற நம் கொல்லைகளில் இந்தக் கிழங்குக்கு உரிய காலம் ஆவணிக் கடைசி வாரத்தில் தொடங்கி, புரட்டாசி பத்தாம் தேதியோடு முடிகிறது. செப்டம்பர் 10 முதல் 26 வரை என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம்.

நான் வேளாண்மை படித்தவள் இல்லை. கொள்ளிடக்கரைப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு மேலூர்ப் பக்கம். கொல்லையில் பாதி வாழை, மிச்ச இடத்தில் கிழங்கு. பள்ளியில் சமையற்கூடத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற ஓரத்திலும் இதே கிழங்கைப் போட்டு எடுத்திருக்கிறேன். அந்த இரண்டு மண்ணிலும் கண்டதை வைத்துத்தான் பேசுகிறேன்.

ஆடி ஏன் வேண்டாம் என்பதற்கு நாள் கணக்கே போதும். நம் பக்கத்துச் சிவப்புத் தோல் கிழங்கு முற்ற 110 நாள் ஆகும். சில ரகத்துக்கு 120. ஆடிப்பெருக்கன்று நட்டால் தோண்ட வேண்டிய நாள் கார்த்திகை முதல் வாரத்தில் வந்து விழுகிறது. திருச்சியில் ஐப்பசியும் கார்த்திகையும்தான் அடைமழைக் காலம். முற்றிய கிழங்கு சேற்றுக்குள் கிடந்தால் வெடிக்கும், அழுகும். தப்பித்ததைத் தோண்டி எடுத்தாலும் காய வைக்க வெயில் இருக்காது. வயலில் வடிகால் வெட்டிவைத்து ஆனியிலும் ஆடியிலும் நடுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு அது கட்டுப்படியாகலாம். நான்கு பக்கமும் சுவர் எழுந்து, மழைநீர் போக வழியில்லாத நம் கொல்லைகளுக்கு அந்தப் பட்டம் ஒத்துவராது.

ஆறும் ஒரு காரணம். ஆடியில் இரண்டு ஆறும் நிறைந்து ஓடும்போது தீவின் நிலத்தடி நீர் மேலே ஏறுகிறது. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்து, 22ஆம் தேதி முக்கொம்பில் கொள்ளிட மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தனவே, அந்த நாட்களில் எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் முழங்கால் ஆழம் தோண்டுவதற்குள் மண் சொதசொதவென்று இருந்தது. சர்க்கரைவள்ளி ஈரம் கேட்கும், ஆனால் தண்ணீரில் நிற்காது. அதன் கிழங்கு உண்மையில் பருத்த வேர். வேருக்குக் காற்று வேண்டும்.

புரட்டாசி நடவில் இதெல்லாம் தலைகீழாகிவிடுகிறது. நட்டுச் சில நாளில் வேர் பிடிக்கும். நான்கிலிருந்து ஏழு வாரத்துக்குள் எந்த வேர் கிழங்காகும், எது வெறும் வேராகவே நின்றுவிடும் என்பது முடிவாகிவிடுகிறது. அதற்குள் பார் மேல் இலை மூடிவிடுவதால் ஐப்பசி மழை மண்ணை அடித்துக்கொண்டு போவதில்லை. கிழங்கு பருக்கிற காலம் கார்த்திகைக் கடைசியும் மார்கழியும்: மழை ஓய்ந்து, இரவு குளிர்ந்து, பகல் சுருங்கியிருக்கும். பகல் நீண்டிருக்கும்போது இந்தக் கொடி ஓடுவதிலேயே குறியாக இருக்கும். பகல் குறையும்போது சத்தைக் கீழே இறக்கும். நம் ஊரில் பகல் மிகக் குறைவது டிசம்பரில்தான். மார்கழித் திருவாதிரைக் கூட்டுக்கு முதல் கிழங்கு கிடைக்கும். பொங்கலுக்கு முன்பே தோண்டி முடித்துவிடலாம்.

தையில் நடுகிறவர்களும் உண்டு. அறுவடை நேரத்தில் கொடி சும்மாவே கிடைக்கும், தூக்கி எறிய மனம் வராது, அதனால் நட்டுவிடுவார்கள். அந்தப் பயிர் முற்றுவது அக்னி நட்சத்திரத்தில். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றினாலும் மண் வெடிக்கும், அந்த வெடிப்பு வழியே கூன்வண்டு இறங்கும். சர்க்கரைவள்ளிக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. சிறு எறும்பு போன்ற கருநீல வண்டு, நடுவில் செம்பழுப்பு. இது கிழங்கில் துளையிட்டு முட்டை வைத்து, புழு உள்ளே குடைய ஆரம்பித்துவிட்டால் கிழங்கு முழுவதும் கசந்துவிடும், நாற்றம் எடுக்கும். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள். கசப்பு அதற்கு அப்பாலும் பரவியிருக்கும், மாட்டுக்குக்கூடப் போடக்கூடாது. மழைக்காலப் பயிரில் மண் வெடிக்காமல் மூடியே இருப்பதால் வண்டுக்கு வழி குறைவு. புரட்டாசியை நான் விடாப்பிடியாகச் சொல்வதற்கு இதுவும் சேர்ந்ததுதான்.

சரி, புரட்டாசியில் நடலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். கொடிக்கு எங்கே போவீர்கள்?

கேள்வியின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. தை மாதத்தில் காந்தி மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகக் கிழங்கு இறங்கும். ஆவணியில் அதே கடைத்தெருவில் ஒரு முழம் கொடிகூடக் கிடைக்காது. கத்தரி விதையைப் பொட்டலத்தில் போட்டு ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம், தபாலில் அனுப்பலாம். சர்க்கரைவள்ளியை அப்படிச் செய்ய முடியாது. உயிரோடு இருக்கிற கொடியிலிருந்து வெட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் நட்டாக வேண்டும். யாரோ ஒருவர் சித்திரை வைகாசி வெயிலில் அந்தக் கொடியைக் காப்பாற்றி வைத்திருந்தால்தான் மற்றவர்களுக்குப் புரட்டாசிப் பட்டம் என்று ஒன்று இருக்கும்.

தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளை என்று மானிய விலையில் கொடுக்கிறது. நல்ல திட்டம், நானும் வாங்கியிருக்கிறேன். பை இருக்கும், தென்னை நார்க்கழிவுக் கட்டி இருக்கும், உயிர் உரம் இருக்கும், ஆறு வகைக் காய்கறி விதை இருக்கும். பொட்டலத்தில் அடைக்க முடிந்த பயிர்களுக்கு மட்டுமே அதில் இடம். கொடியாகவும் கரணையாகவும் கைக்குக் கை மாற வேண்டிய சர்க்கரைவள்ளியும் அதன் கூட்டாளிகளும் எந்தத் திட்டத்துக்குள்ளும் வராமலே போய்விடுகின்றன. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. கிடங்கில் அடுக்கி வைக்க முடியாத ஒன்றை விநியோகிக்க அலுவலகங்களுக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். வழி இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

ஆவணிக்குக் கொடி வேண்டுமென்றால் வேலையை வைகாசிக் கடைசியில் தொடங்க வேண்டும். பொங்கலுக்குத் தோண்டியதில் வண்டு படாத, கைக்குள் அடங்குகிற நடுத்தரக் கிழங்குகளைக் காற்றோட்டமான இடத்தில் மணலுக்குள் வைத்திருந்து, வைகாசிக் கடைசியில் மாட்டுச் சாணம் கலந்த மண்ணில் ஒரு சாண் இடைவெளியில் பதித்துவிடுங்கள். பாதி நிழல் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் வாழைக்கு இந்தப் பக்கம். முளைத்து ஒன்றரை மாதத்தில் கொடி தயார். அதை வெட்டி வேறொரு பாத்தியில் ஊன்றினால் ஆவணி முடிவதற்குள் ஒன்று பத்தாகும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமும் இப்படி இரண்டு கட்ட நாற்றங்காலைத்தான் பரிந்துரைக்கிறது, நடவுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறது. கிழங்கைச் சேமிக்க முடியாதவர்கள், தையில் வெட்டிய கொடியில் நான்கைந்தைத் தொட்டியடி ஈரத்தில் ஊன்றிக் கோடையைக் கடத்தலாம். அதிலிருந்து கிழங்கை எதிர்பார்க்க வேண்டாம். கொடி பிழைத்தால் போதும்.

நடவைப் பற்றியும் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார் பிடிக்காமல் சமதரையில் நடுகிற பழக்கம் வீடுகளில் இன்னும் போகவில்லை. இரண்டு அடிக்கு ஒரு பார். உயரம் ஒரு முழம் இருந்தாலும் நல்லது, குறைந்தால் ஐப்பசியில் வருத்தப்பட வேண்டிவரும். சித்திரை வீதி, உத்திர வீதிப் பழைய வீடுகளை இடித்துக் கட்டிய இடங்களில் கொல்லை மண்ணில் செங்கல் துண்டும் சுண்ணாம்பும் கிடக்கிறது. அங்கே கிழங்கு கோணி வளைந்து போகும். ஆற்று மணல் கலந்த வண்டலைக் கொண்டுவந்து பார் பிடியுங்கள். கொடியின் நுனிப் பகுதியில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம் வெட்டி, இலையோடு இரண்டு நாள் நிழலில் வைத்திருங்கள். வாடினது போலத் தெரியும், பயப்பட வேண்டாம், கணுவில் வேர் முளை கட்டுகிறது. பிறகு நடுப்பகுதியை மண்ணுக்குள் படுக்க வைத்து இரண்டு முனையும் வெளியே தெரியும்படி ஊன்றுங்கள். இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் இருக்க வேண்டும். கொடிக்குக் கொடி 20 செ.மீ.

சாணியும் அடுப்புச் சாம்பலும் போதும். யூரியாவைக் கண்ணில் காட்டாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலை ஆளுயரத்துக்கு அடர்ந்து, கீழே விரல் தடிமனில் வேர்தான் இருக்கும். மூன்றாவது வாரம் களை எடுத்து மண் அணைக்க வேண்டும், ஐம்பதாம் நாள் இன்னொரு முறை. இந்த இரண்டாவது அணைப்பைத் தவறவிடக்கூடாது, கிழங்கு பருத்து மண் விலகுகிற நேரம் அது, வண்டு காத்திருக்கும். பாரைவிட்டுக் கீழே ஓடுகிற கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டுச் சத்தைப் பங்கு போடும், அதனால் வாரத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார் மேல் புரட்டிப் போடுங்கள். பெருச்சாளிக்கு என்னிடம் மருந்து இல்லை. வேலியடியைச் சுத்தமாக வைத்திருப்பதைத் தவிர வேறு வழி நான் காணவில்லை.

இலை பழுக்கத் தொடங்கியதும் ஒரு கிழங்கைத் தோண்டிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடத்துப் பால் கறுக்காமல் காய்ந்தால் முற்றிவிட்டது. தோண்டியதும் கழுவக்கூடாது. மண்ணோடு நிழலில் பரப்பி, சாக்கை மேலே போட்டு ஒரு வாரம் வைத்தால் காயம் ஆறும், இனிப்பும் ஏறும். குக்கரில் மூன்று விசில் விடுவதைவிட, பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றுவது நல்லது. சூடு மெதுவாக ஏறும்போதுதான் அதிலுள்ள மாவுச்சத்து மால்டோஸ் என்கிற சர்க்கரையாக மாற நேரம் கிடைக்கிறது. ஒரே மண்ணில் விளைந்த கிழங்கு ஒரு வீட்டில் தித்திப்பாகவும் அடுத்த வீட்டில் சப்பென்றும் இருப்பதைக் கவனித்திருக்கிறேன், காரணம் இதுதான்.

இனி நான் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தை எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று தொடங்கி வைத்தது இதே திருச்சியில், பாப்பாக்குறிச்சியில். அந்தத் திட்டத்தின் சமையற்கூடத்தில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு நாள். ஒரு பிள்ளைக்கு 20 கிராம். கலவை சாதம் வந்த பிறகும் கீரை சாதத்தோடு வறுத்த உருளைக்கிழங்கு தட்டில் நின்றது. பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உருளை மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்தோ வடக்கே இருந்தோ லாரியில் வருகிறது. மார்கழியிலும் தையிலும் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே வண்டியில் சர்க்கரைவள்ளி அவித்து விற்கிறார்கள். உள்ளே தட்டில் அது இல்லை. அந்த இரண்டு மாத வெள்ளிக்கிழமைகளில் உருளைக்குப் பதில் சர்க்கரைவள்ளி போட வேண்டும், அதையும் பள்ளி வளாகத்திலேயே விளைவிக்க வேண்டும்.

நடக்குமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறேன். நூறு பிள்ளைகள் சாப்பிடுகிற பள்ளிக்கு ஒரு வெள்ளிக்கு 2 கிலோ. மார்கழிப் பாதியில் இருந்து தை முடிய, பொங்கல் விடுமுறை போக, ஐந்தாறு வெள்ளி. 12 கிலோ இருந்தால் தாராளம். ஒரு கொடிக்குக் கால் கிலோ என்று குறைத்தே வைத்தாலும் ஐம்பது கொடி போதும். இரண்டு அடிப் பாரில் 20 செ.மீ. இடைவெளியில் ஐம்பது கொடிக்கு ஆகிற இடம் 6 சதுர மீட்டர், ஏறக்குறைய 65 சதுர அடி. சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையைவிடச் சிறிய இடம். தண்ணீர், பாத்திரம் கழுவியது. வேலை, அரை மணி நேரம் பிள்ளைகள் மண் அணைத்தால் தீர்ந்தது. எங்கள் பள்ளியில் தோண்டுகிற நாளில் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்கவே முடியாது. “டீச்சர், என் செடியில எவ்வளவு வந்துச்சு?” என்று எடை போடச் சொல்லி நிற்பார்கள். காய்கறியைத் தட்டில் ஒதுக்குகிற பிள்ளைகூடத் தான் தோண்டிய கிழங்கை ஒதுக்கிப் பார்த்ததில்லை.

எந்தக் கிழங்கு என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நாம் வழக்கமாக வாங்குகிற வெள்ளைச் சதைக் கிழங்கில் வைட்டமின் ஏ-வுக்கு மூலமான பீட்டா கரோட்டின் மிகக் குறைவு. ஆரஞ்சுச் சதைக் கிழங்கில்தான் அது நிறைய. ஸ்ரீகாரியம் நிலையம் ஸ்ரீ கனகா, பூ சோனா என்று இரண்டு ஆரஞ்சு ரகங்களைக் கொடுத்திருக்கிறது. பூ சோனாவில் 100 கிராமுக்கு 13 மில்லிகிராமுக்கு மேல் பீட்டா கரோட்டின் இருக்கிறது. மொசாம்பிக்கிலும் உகாண்டாவிலும் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டுக்கு எதிராக ஆரஞ்சுக் கிழங்குக் கொடியை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்த வேலையைச் செய்த மரியா அந்த்ராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகிய மூவருக்கும், பயிர்களிலேயே சத்தைக் கூட்டும் முயற்சியை முன்னெடுத்த ஹோவர்த் பௌயிஸுக்கும் 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அங்கே மருந்துக்கடை இல்லாத கிராமத்துக்கும் கொடி போய்ச் சேர்ந்தது. நம் அங்கன்வாடிகளில் வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிறோம், அது தொடரட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் திரவத்தைக் கொடுக்கிற கை, தை மாதத்தில் ஒரு துண்டுக் கிழங்கையும் கொடுக்கலாம்.

ஆகவே தோட்டக்கலைத் துறையிடம் என் கோரிக்கை இது. உங்கள் பண்ணைகளில் ஆரஞ்சுக் கிழங்குக்கு வைகாசியில் நாற்றங்கால் போடுங்கள். நாவலூர் குட்டப்பட்டில் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது, அங்கே படிக்கிற பெண்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடைக்காது. ஆவணிக் கடைசியில் ஒரு சனி, ஒரு ஞாயிறு, தென்னூர் அண்ணா நகர் உழவர் சந்தையிலும் கே.கே.நகர் உழவர் சந்தையிலும் ஈரச்சாக்கில் சுற்றிய கொடிக்கட்டுகளை வைத்துக் கொடுங்கள். ஐம்பது கொடி ஒரு கட்டு. சத்துணவு அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே ஒரு சுற்றறிக்கை போதும், அவர்களே வந்து வாங்கிக்கொள்வார்கள். கிடங்கு தேவையில்லை, ஏனென்றால் கொடி அந்த இரண்டு நாளில் தீர்ந்துவிட வேண்டும். தேதிதான் முக்கியம். கொடி ஐப்பசியில் வந்தால் மழைக்குள் வேர் பிடிக்காது, கிழங்கு மாசியில் வரும், பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குவதைவிடப் பட்டத்துக்குள் கொடுத்து முடிப்பது கடினம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் தேதியைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

அரசு செய்யும் வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. மேலூரிலும் திருவானைக்காவலிலும் கல்லணைச் சாலையில் திருவளர்சோலை, உத்தமர்சீலி வரைக்கும் கொல்லையிலோ வரப்பிலோ கொடி வைத்திருப்பவர்கள் இந்த ஆவணியில் பக்கத்துப் பள்ளிக்கு ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது நுனியிலிருந்து வெட்டிக் கொடுங்கள். அடித்தண்டு வேண்டாம், வண்டு முட்டை வைத்திருந்தால் அங்கேதான் இருக்கும்.